பழனிப் பாதயாத்திரை: முதல் நாளுக்கு கோலாலம்பூரிலேயே தயாராகுங்கள்

பத்துமலையின் 272 படிகளை மூச்சு வாங்காமல் ஏறுகிறவர்கள்கூட, காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கும்போது முதல் நாள் மாலையே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தெம்பு இல்லாமல் இல்லை. பெரும்பாலும் விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே நடக்கத் தொடங்குவதுதான் காரணம். தைப்பூசத்துக்குக் குழுவோடு நடக்கப் போகிறவர்கள், குழு கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே திருச்சி போய்ச் சேர்ந்துவிடுங்கள். லீவு குறைவாக இருந்தால், திரும்பி வரும் பக்கத்தில் நாளைக் குறையுங்கள்.

இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் இருக்கிறது. விடிகாலை 3 மணிக்குக் குழு கிளம்பினால் நம் உடம்புக்கு அது 5.30, எழுவதில் சிரமம் இல்லை. மாலையில்தான் கஷ்டம். அங்கே இரவு 8 மணிக்கு நமக்கு 10.30 ஆகி, நடந்துகொண்டே கண் சொக்கும். அதனால் முதல் நாள் மதியம் கட்டாயம் ஒரு தூக்கம் போடுங்கள். இருட்டில் நடக்கும்போது, பின்னால் வரும் வண்டிக்காரருக்குத் தெரியும்படி பையில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும்.

பயிற்சிக்கு இங்கேயே நல்ல பாதை இருக்கிறது. ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை, வெள்ளி ரதம் போகும் வழி, சுமார் 15 கிலோமீட்டர். சனிக்கிழமை விடியுமுன் கிளம்பி நடந்துவிட்டு, கொமுட்டர் ரயிலில் திரும்பலாம். அத்தோடு முடிக்காமல் ஞாயிறும் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். எந்த விரல் உரசுகிறது, எந்த முட்டி முனகுகிறது என்று அப்போதுதான் தெரியும். பினாங்குக்காரர்களுக்குத் தண்ணீர்மலைப் படிகள் இருக்கின்றன. ஆனால் படி ஏறுவது வேறு, சமதளத்தில் மணிக்கணக்காக நடப்பது வேறு. இரண்டும் வேண்டும்.

கால்தான் முக்கியம். வெறுங்காலில் நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள், இரண்டு மாதம் முன்பே வீட்டருகே தார் ரோட்டில் பத்துப் பத்து நிமிடமாகப் பழக்குங்கள். அங்கே ரோட்டோரத்தில் பொடிக்கற்கள் கிடக்கும், பதினொரு மணிக்கு மேல் தார் சுடும். செருப்போடு நடக்கிறவர்கள் பழகிய செருப்பையே போடுங்கள், புதிது வேண்டவே வேண்டாம். கிளம்புமுன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவினால் கொப்புளம் குறையும். சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து வெறுங்காலில் இறங்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்துவதே தெரியாது. வேண்டுதலை மாற்றிக்கொண்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நம் ஊரில் வியர்வை சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே வறண்ட காற்றில் உடனே உலர்ந்துவிடும், உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாது. தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் அடிக்கடி இரண்டு வாய் குடியுங்கள். மருந்துக்கடையில் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடி கிடைக்கும், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். விடிகாலையிலோ நேர்மாறு. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், தலைக்கு ஒரு துண்டு வேண்டும்.

வழியெங்கும் அன்னதானப் பந்தல்கள். "சாமி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து அழைப்பவரிடம் மறுக்க மனம் வராது. அவரிடம் ஒரு கைப்பிடி சுண்டல் வாங்கிக்கொண்டு நகருங்கள். காலையில் பசியாற இரண்டு இட்லி போதும், வயிறு முட்டினால் நடை போச்சு.

வேகத்தையும் குழுவில் முந்தி நடக்கும் இளைஞர்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் முதல் நாளுக்குச் சரி.

பெரிய பை குழுவின் வண்டியில் வரட்டும். பாஸ்போர்ட், மருந்து, சில்லறை நோட்டு, கோடாலித் தைலம் இவை உங்களோடு இருக்கட்டும். நம் சதுர முள் சார்ஜர் அங்கே செருகாது, அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு தங்குமிடம் வந்ததும் உடனே படுக்காதீர்கள். காலைக் கழுவி ஈரம் துடைத்துப் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சிறு கொப்புளத்தை உடைக்க வேண்டாம், சுத்தமான பிளாஸ்டர் ஒட்டி விடுங்கள். அப்புறம் பையைத் தலைமாட்டில் வைக்காமல் காலுக்கடியில் வைத்துப் படுங்கள். விடிவதற்குள் வீக்கம் ஓரளவு வற்றியிருக்கும்.