சென்னையும் பர்மாவும்: புலம்பெயர்வு ஆவணப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழரைப் பற்றிச் சென்னையில் ஆவணப்படம் எடுக்க முனைவோரில் பலர், பர்மா பஜாரை ஒட்டிய ஓர் அத்தோ கடையில்தான் கேமராவை முதலில் வைக்கிறார்கள். நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் கையால் பிசைவது, மேலே வறுத்த வெங்காயம் தூவுவது, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதிப்பது எல்லாம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அங்கே தொடங்கும் படம் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. 1969இல் பர்மா பஜார் கடைகள் திரும்பி வந்தவர்களுக்கு ஏன் ஒதுக்கப்பட்டன என்ற கேள்வி ருசியில் கரைந்துபோகிறது.

அடுத்த தவறு காலத்தைக் குழப்புவது. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூன் மீது குண்டு வீசத் தொடங்கியபின் காட்டுவழியே நடந்து வந்தவர்கள் வேறு. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாகி, 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாதவையானபோது கப்பலேறி வந்தவர்கள் வேறு. முன்னவர்களில் பலர் போர் முடிந்ததும் பர்மாவுக்கே திரும்பிச் சென்றார்கள். இரண்டாம் அலையைப் பற்றிய பேச்சின்மேல் 1942இன் கறுப்பு வெள்ளைக் காட்சிகளை ஒட்டுவது பொருத்தமான படம் கிடைக்காத அவசரத்தில் நடக்கிறது. பார்க்கும் முதியவர் ஒருவர் அதைக் கண்டுகொண்டால் மற்ற உண்மைகளையும் அவர் நம்பமாட்டார். சொற்களிலும் இதே கவனம் வேண்டும். அரசு ஆவணங்கள் இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றே குறித்தன. 'அகதி' என்ற சொல் சட்டப்படி வேறொரு நிலையைச் சுட்டுவது. அதேநேரம், பர்மாவிலேயே பிறந்து சென்னைத் துறைமுகத்தை முதன்முறையாகப் பார்த்த ஒரு சிறுமிக்கு எது தாயகம் என்பதையும் படம் கேட்காமல் விடக்கூடாது.

அந்தச் சிறுமிக்கு இன்று எழுபது வயது தாண்டியிருக்கும். அவரிடம் போய் நாட்டுடைமைக் கொள்கையைப் பற்றிக் கேட்டால், பிற்காலத்தில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்வார். பள்ளியில் எந்த மொழியில் எண்ணக் கற்றார், வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் அம்மா எதை எடுத்தார், எதை விட்டுவிட்டார் என்று கேட்டால் அவருடைய சொந்த நினைவு வெளிவரும். கொள்கையின் வரலாற்றுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகமும் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. அந்த வேலையை முதியவர்களின் தலையில் சுமத்த வேண்டியதில்லை.

என் கணிப்பில், இவ்வகைப் படங்களைக் கெடுக்கும் மிகப் பெரிய தவறு ஒரு கரையை மட்டும் மனிதர்களாகவும் மறு கரையைப் பின்னணியாகவும் எடுப்பது. திரும்பி வந்தவர்கள் குடியேறிய சென்னை வியாசர்பாடியில் பத்துப் பேட்டிகள் எடுத்துவிட்டு, யாங்கோனில் (பழைய ரங்கூன்) பொன்னிறப் பகோடாவை மட்டும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பர்மியரிடமும் இந்தக் கதைக்கு ஒரு வடிவம் உண்டு. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த, வட்டிக்குக் கடன் கொடுத்த தமிழ்ச் செட்டியார்களின் நில உடைமை 1938இல் ஏறத்தாழ 25 விழுக்காடானது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிய, அடமான நிலங்கள் கைமாறின. அந்த நிலத்தை இழந்த குடும்பத்தின் நினைவு படத்தில் இடம்பெற வேண்டும். அதைச் சேர்த்துவிட்டு, வட்டித் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத துறைமுகக் கூலியையும் தையல்காரரையும் அதே கணக்கில் எழுதிவிடுவதும் தவறே. இரண்டையும் ஒரே படத்தில் வைக்கும் துணிச்சல்தான் குறைவாக இருக்கிறது.

இரு கரைக்கும் நடுவே ஒரு மூன்றாம் ஊர் உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் வாழ்க்கை அமையாமல் தரைவழியே பர்மா திரும்ப முயன்று எல்லையில் தடுக்கப்பட்டவர்கள், பர்மா எல்லையை ஒட்டிய மணிப்பூரின் மோரேயில் குடியேறித் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் அமைத்தார்கள். அங்கே படப்பிடிப்புக்குப் போவோர் இன்னர் லைன் பர்மிட் (வெளிமாநிலத்தார் மணிப்பூருக்குள் நுழையத் தேவையான அனுமதி) வாங்காமல் கிளம்பக்கூடாது. 2023 மே முதல் மணிப்பூரில் நடந்துவரும் வன்முறையை அறியாதவர்போல், கோயில் திருவிழாவை மட்டும் எடுத்துத் திரும்பவும் கூடாது.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பிப் படத்தொகுப்பில் இறங்குவது இன்னொரு வலை. நேரில் இருந்து மொழிபெயர்ப்பவர் பத்து நிமிடப் பேச்சை இரண்டு வாக்கியமாகச் சுருக்குவார். மரியாதை கருதிக் கசப்பை விழுங்கியும் விடுவார். இந்தியரை இழித்துச் சொல்லும் 'கலா' என்ற பர்மியச் சொல் 'இந்தியர்' என்று மென்மையாக மாறினால், பேசியவரின் கோபமும் கேட்டவரின் காயமும் ஒருசேரக் காணாமல் போகும். பேட்டி முழுவதையும் வரிக்கு வரி எழுதவைத்து, அந்த மொழி தெரிந்த இரண்டாவது ஒருவரிடம் சரிபார்த்தபின் சப்டைட்டில் போடுவதே முறை.

ஒலியைப் பற்றி ஒரே ஒரு சொல்: ராஜாஜி சாலை ஹாரனுக்கு நடுவே பேட்டி எடுக்காதீர்கள், வீட்டுக்குள் எடுத்தால் மின்விசிறியை நிறுத்துங்கள், நிறுத்தியதை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

கடைசியாக, வீடியோ அழைப்புக் காட்சி. சென்னையில் அண்ணன், யாங்கோனில் தங்கை, கைபேசித் திரையில் கண்ணீர். எந்த இயக்குநரும் விட மனம்வராத காட்சி இது. அண்ணன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பார். தங்கைக்கோ, தன் முகத்தையும் ஒரு கேமரா பதிவுசெய்கிறது என்பதே தெரிந்திருக்காது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், அங்கிருந்து ஒருவர் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வரி கூட அவரை ஆபத்தில் தள்ளக்கூடும். ஆகவே அழைப்பு தொடங்குமுன் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். படத்தொகுப்பு முடிந்தபின் அந்தப் பகுதியை அவருக்குக் காட்டி மறுபடியும் கேட்க வேண்டும். முகத்தை மறைக்கச் சொன்னால் மறைக்க வேண்டும், நீக்கச் சொன்னால், படத்தின் உச்சமே அதுவாக இருந்தாலும், நீக்கிவிட வேண்டும்.