பழைய டீசல் லொறியில் ஷோர்ட்: தேடும்போது செய்யும் தவறுகள்

பியூஸ் எரிந்தால் இன்னொன்றைப் போடுகிறோம். அதுவும் போனால் 10 அம்பியர் இருந்த இடத்தில் 30 போடுகிறோம். அதுவும் நிற்காவிட்டால் ஈயத்தாளைச் சுற்றிச் செருகிவிட்டு நெல்லேற்றப் போய்விடுகிறோம். அறுவடை நேரத்தில் சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ லொறி ஒரு நாள் நின்றால் எவ்வளவு நட்டம் என்பது உண்மைதான். ஆனாலும் எல்லாத் தவறிலும் மோசமானது இதுதான், தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யாதீர்கள்.

பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. பின் லைட்டுக்குப் போகும் வயர் மெல்லியது. அது லொறியின் பொடியில் (இரும்பு உடலில்) உரசி, மின்சாரம் பல்ப்புக்குப் போகாமல் நேராக இரும்பில் பாய்ந்து ஷோர்ட் ஆனால் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக்கூடத் தள்ளிவிடும். ஈயத்தாள் எரியாமல் தாங்கிக்கொள்ளும், வயர்தான் சூடேறி உறை உருகும். ஒரே கட்டில் போகும் பக்கத்து வயர்களும் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஓர் இடத்தில் இருந்த பழுது வயர் கட்டு முழுவதற்கும் பரவிவிடும். அப்புறம் கெபினுக்குள் புகை.

தேடுவதற்குப் பியூஸ்களை வரிசையாக எரிக்கத் தேவையில்லை. எரிந்த பியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு பல்ப்பைத் தொடுத்துவிடுங்கள். 24 வோல்ற் லொறிக்கு 24 வோல்ற், 21 வோற் பல்ப் போதும். லைன் நேராக ஏர்த்தில், அதாவது பற்றரியின் நெகற்றிவ் சேர்ந்திருக்கும் சேசிஸ் இரும்பில், பட்டிருந்தாலும் ஓர் அம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும், வயருக்கு ஒன்றும் ஆகாது. பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். இப்போது அந்த லைனில் உள்ள சொக்கட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்ப் அணைகிறதோ, பழுது அதற்கு அப்பால் இருக்கிறது. அணையாவிட்டால் பழுது இன்னும் பியூஸ் பக்கம்தான். நீளமான லைனை நடுவில் பிரித்துப் பார்த்தால் வேலை பாதியாகும்.

இதில் ஒரு விசயத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தேடத் தொடங்குமுன் அந்த லைனில் இருக்கும் லைட் பல்ப்புகளை எல்லாம் கழற்றிவிட வேண்டும். மீற்றரை ஓமில் வைத்துப் பார்த்து "ஷோர்ட்" என்று முடிவெடுத்து, நல்ல வயரை வெட்டுவதும் இதனால்தான் நடக்கிறது. 24 வோல்ற், 21 வோற் பல்ப் எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 27 ஓம். குளிர்ந்திருக்கும்போதோ இரண்டு மூன்று ஓம்தான். நான்கு பல்ப் சேர்ந்தால் ஓர் ஓமுக்கும் கீழே காட்டும். மீற்றர் பொய் சொல்லவில்லை, நாம்தான் பல்ப்பை அளந்துகொண்டிருக்கிறோம். பற்றரி தொடுத்திருக்கும்போது ஓம் அளப்பதும் கூடாது.

எங்கே பார்ப்பது? கெபின் முன்னால் சாயும் எல்ஃப், கன்ரர் போன்ற லொறிகளில் முதலில் அந்த மடிப்பைப் பாருங்கள். கெபினை ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்போதும் வயர் கட்டு அங்கே வளைகிறது. அடுத்து, சேசிஸ் துளைகளில் றப்பர் வளையம் கழன்ற இடங்கள், பின் லைட் தட்டு, பிறகு சேர்த்த ஹோர்ன், மேலதிக லைட்டுகளின் வயர். வைக்கோல் ஏற்றுகிற லொறியென்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் பக்கத்தில் வேறொரு குழப்பமும் உண்டு. வாழைச்சேனையிலும் கல்முனையிலும் மீன், ஐஸ் ஏற்றுகிற லொறிகளில் உப்புத் தண்ணீர் வழிந்து ஏர்த் போல்ற்கள் துருப்பிடித்துவிடும். சிக்னல் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுங்கும், பிறேக் அழுத்தினால் இன்னொரு லைட் மங்கும். இதை ஷோர்ட் என்று நினைத்து வயர் கட்டைப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் இது ஏர்த் பழுது. மின்சாரம் திரும்பிப்போக வழியில்லாமல் அடுத்த பல்ப் வழியாகப் போகிறது. பியூஸ் எரியாமல் லைட்டுகள் மட்டும் குழம்பினால் முதலில் ஏர்த் போல்ற்றைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து இறுக்குங்கள். என்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள தடித்த ஏர்த் பட்டியையும் விடாதீர்கள். அது அறுந்தால் செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் அக்ஸிலேற்றர் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சூடாக்கும்.

புகை வந்தால் சாவியைத் திருப்பியதோடு நின்றுவிடக் கூடாது. பழைய டீசல் என்ஜின் பல லொறிகளில் மின்சாரமே இல்லாமல் ஓடும், ஓல்டனேற்றர் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தும் கேபிளை இழுத்து என்ஜினை அணையுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் பிறேக்கை அழுத்தி, பெரிய கியரில் போட்டு கிளச்சை விட்டு நிறுத்துங்கள். அதன் பிறகுதான் பற்றரி. என்ஜின் ஓடும்போது பற்றரியைக் கழற்றினால் ஓல்டனேற்றரின் டயோட்டுகள் போய்விடும்.

பற்றரியைக் கழற்றும்போது சேசிஸுக்குப் போகும் நெகற்றிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில். மாற்றிச் செய்தால் பொசிற்றிவில் இருக்கும் ஸ்பனர் பொடியில் பட்டு, அதுவே பெரிய ஷோர்ட். பொடி வெல்டிங் செய்யக் கொடுக்கும்போதும் பற்றரியைக் கழற்றிவிட்டே கொடுங்கள்.

24 வோல்ற் லொறியில் தொடராகத் தொடுத்திருக்கும் இரண்டு 12 வோல்ற் பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுத்து ரேடியோ பூட்டுவதை நிறையப் பார்க்கலாம். ஒரு பற்றரி எப்போதும் சார்ஜ் குறைந்தும் மற்றது மிஞ்சியும் கெடும். மேல் பற்றரியிலிருந்து (நெகற்றிவ் நேராகச் சேசிஸுக்குப் போகாத பற்றரி) எடுத்திருந்தால் இன்னும் ஆபத்து: ரேடியோவின் நெகற்றிவ் இரும்பு உறை கெபினைத் தொட்டவுடன் கீழ்ப் பற்றரி முழுதாக ஷோர்ட். 24-இல் இருந்து 12-ஆக மாற்றும் கருவியைப் போடுங்கள். விலை அதிகமில்லை.

இடம் கண்டுபிடித்த பிறகு முறுக்கி ரேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். எண்ணெய்யும் சூடும் பட்டு ரேப் சில மாதத்தில் வழுகிக் கழன்றுவிடும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, உரசிய இடத்துக்குப் புது றப்பர் வளையமும் போட வேண்டும். பிறகு முன்பிருந்த அளவுப் பியூஸையே போட்டு, எல்லா லைட்டையும் எரியவிட்டு, குண்டுங்குழியுமான வயல் ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது காட்டாத பழுது குலுக்கத்தில் வெளியே வரும்.