ரயில் நிலைய ஒப்பந்தத் தொழிலாளர்கள்: பேச்சுவார்த்தை இழுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் ஜங்ஷனில் விடியும் முன்பே பிளாட்பாரம் கழுவும் பெண்களுக்குச் சம்பளம் தருவது ரயில்வே இல்லை, காண்ட்ராக்டர். அவர்கள் சார்பில் சங்கக் கமிட்டியில் உட்கார்ந்து பேசியவர்களில் நானும் ஒருவன். மாதக்கணக்கில் இழுத்த அந்தப் பேச்சு டெண்டர் முடிந்த அன்று ஒன்றுமில்லாமல் போனது. புதிதாக வந்த காண்ட்ராக்டர், “பழைய ஆள் சொன்னதற்கு நான் எப்படிப் பொறுப்பு?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

டெண்டர் எப்போது முடிகிறது என்று தெரியாமல் பேச உட்கார்ந்ததுதான் எங்கள் முதல் தவறு. “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று பழைய காண்ட்ராக்டர் சொன்னபோதெல்லாம் அந்தத் தேதி அவர் மனதில் இருந்திருக்கிறது. ஒப்பந்த நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். கோரிக்கைக் கடிதத்தைக் காண்ட்ராக்டரிடம் மட்டும் கொடுக்காமல், ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்குங்கள். காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட ரயில்வேதான் தர வேண்டும். 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் அப்படித்தான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஏற்கெனவே நமக்குச் சேர வேண்டியதைப் பேரப் பொருளாக்குவது. “பி.எஃப். ஒழுங்காகக் கட்டிவிடுகிறேன், சம்பள உயர்வை இந்த வருடம் விட்டுவிடுங்கள்” என்றார் காண்ட்ராக்டர். எங்களில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டோம். இன்றும் அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ., குறைந்தபட்சக் கூலி எல்லாம் சட்டப்படி வந்தே தீர வேண்டியவை. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியில் சேரும் அகவிலைப்படி ஏப்ரல் 1, அக்டோபர் 1 என வருடத்துக்கு இரண்டு முறை மாறும். அந்த வித்தியாசம் சம்பளத்தில் வரவில்லை என்றால் அது பாக்கி. அதற்குத் தனியாகப் புகார் எழுதுங்கள். அதற்கு மேல் கேட்பதுதான் உயர்வு, அதை மட்டும் பேச்சுக்குக் கொண்டு போங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், பாக்கியைக் கொடுத்துவிட்டு உயர்வு கொடுத்த மாதிரி கணக்குக் காட்டிவிடுவார்கள்.

கோபத்தில் திடீரென்று துடைப்பத்தைக் கீழே போடுவது அடுத்த தவறு. கோபம் நியாயமானதுதான், நானும் அந்தப் பக்கம் நின்றவன்தான். ஆனால் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். அரசின் சமரச அதிகாரி முன் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாள் வரையிலும் வேலையை நிறுத்தக் கூடாது. “நிறுத்தம் வேண்டாம், எல்லோரும் லீவு போடுவோம்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் லீவு எடுத்தால் புதிய சட்டப்படி அதுவும் வேலைநிறுத்தம்தான். நோட்டீஸ் இல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து வராமல் இருந்தாலே எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க வழி இருக்கிறது.

அப்புறம், எங்கே போய் முறையிடுவது? ரயில்வே தொடர்பான தகராறு மத்திய அரசின் வரம்பில் வரும், காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் அதுவே. மாநிலத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைந்து நாங்கள் இரண்டு மாதம் இழந்தோம். மத்திய தொழிலாளர் ஆணையரின் கீழ் உள்ள சமரச அதிகாரியிடம்தான் மனு கொடுக்க வேண்டும். சமரசம் தோற்றதாக அறிக்கை கைக்கு வந்தால், அன்றிலிருந்து 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்கு மனு போடலாம். வந்த தேதியை உறையிலேயே எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பேசியதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மறுத்தால், “இன்று இன்னின்னது பேசினோம்” என்று அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, நைட் ஷிப்ட். எங்கள் கூட்டம் எப்போதும் மாலை ஐந்து மணிக்கு, சூரமங்கலம் பக்கம் ஒரு டீக்கடையில் நடக்கும். ஓமலூர், கருப்பூர் பக்கமிருந்து இரவு வேலைக்கு வரும் அக்காக்கள் அந்த நேரம் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு முறிந்த செய்தியை அவர்களுக்கு முதலில் சொன்னது நாங்கள் இல்லை, காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். “சங்கம் உங்களைக் கைவிட்டுவிட்டது” என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார். மறுநாள் சந்தா கேட்டுப் போனபோது ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.