கொசு உள்ளான் கூட்டத்தில் கரண்டிமூக்கு உள்ளானை அடையாளம் கண்டு பதிவு செய்யும் முறை

ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியிலுள்ள சுக்கோட்கா, கம்சட்கா கரையோரங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, சீனா ஆகிய நாடுகளின் சேற்றுக் கரைகளுக்கு வலசை வரும் கரண்டிமூக்கு உள்ளானின் மொத்த எண்ணிக்கை இன்று ஆயிரத்தைக்கூடத் தொடாது. 2008 முதல் இது மிக அபாயகரமான அழிநிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர்கள் இதனைக் கோடியக்கரையில் பதிவு செய்துள்ளதால், வேதாரண்யம் பகுதியின் உப்பளங்களில் பறவை பார்ப்பவர்கள் இதன் அடையாளங்களை அறிந்திருக்க வேண்டும். நெடிய கால்களுடைய வெண்ணிறக் கரண்டிவாயன் வேறு. இது சிட்டுக்குருவி அளவேயான கரைப்பறவை.

படி 1: கொசு உள்ளானைப் பழகுங்கள்

நம் கரைகளில் கூட்டம் கூட்டமாக மேயும் கொசு உள்ளானும் கறுப்புக் கால்களும் கறுப்பு அலகும் கொண்டதே. அதன் அலகு மெலிந்து கூராக முடியும். தலையைச் சற்றே தாழ்த்தி, இங்குமங்கும் ஓடி, சேற்றின் மேற்பரப்பைப் படபடவெனக் கொத்தும். இந்த நடையும் கொத்தலும் கண்ணுக்குப் பழகிய பிறகே கூட்டத்தில் வேறுபட்ட ஒன்று தனித்துத் தெரியும்.

படி 2: இடமும் வெளிச்சமும்

அக்டோபர் முதல் மார்ச் வரை, காலையில் வெயில் ஏறுவதற்கு முன், சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். உப்பளத்தில் கானல் எழுந்துவிட்டால் எந்த அலகின் நுனியும் அலைந்து தடித்துத் தெரியும். இருநோக்கி மட்டும் போதாது. முக்காலியில் நிறுத்திய ஸ்பாட்டிங் ஸ்கோப் (பறவை பார்ப்பதற்கான ஒற்றைக்குழல் தொலைநோக்கி) தேவை. சரணாலயப் பகுதிக்குள் செல்வதானால் வனத்துறையின் அனுமதி பெறுங்கள்.

படி 3: அலகை எல்லாப் பக்கமும் பாருங்கள்

பக்கவாட்டில் பார்க்கும்போது கரண்டி தெரியாது. சற்றுத் தடித்த நேரான அலகாகவே தோன்றும். பறவை உங்களை நோக்கித் திரும்பும்போதோ தலையைக் குனிந்து திருப்பும்போதோதான் நுனி அகன்று விரிந்திருப்பது தெரியும். ஆகவே அது திரும்பும் வரை காத்திருங்கள்.

தொடக்கநிலையினர் அதிகம் ஏமாறுவது சேற்றினால்தான். கொசு உள்ளானின் அலகு நுனியில் ஒட்டிய சேற்று உருண்டை, தொலைவிலிருந்து பார்த்தால் அசல் கரண்டி போலவே இருக்கும். பறவை அலகை நீரில் அலசிய பின்னும், இரை தேடி முடித்துத் தலை நிமிர்ந்த பின்னும் அதே வடிவம் இருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் பாருங்கள்.

அலகோடு நிறுத்திவிடவும் கூடாது. குளிர்காலக் கரண்டிமூக்கு உள்ளானுக்குத் தலை பெரிதாகவும், நெற்றியும் மார்பும் தூய வெண்மையாகவும், புருவக்கோடு அகன்றும் இருக்கும். ஆழமற்ற நீரில் அலகை ஏறக்குறைய செங்குத்தாக இறக்கி, பக்கவாட்டில் அசைத்தபடி துழாவும். என் கணிப்பில், தொலைவிலிருந்து முதலில் கண்ணில் படுவது அலகைவிட இந்த மேய்ச்சல் முறையே.

படி 4: படமும் காணொளியும்

நெருங்கிச் சென்று பறவையை எழுப்பாதீர்கள். நீண்ட வலசைக்குப் பின் அதற்கு ஓய்வும் இரையும் தேவை. இருக்கும் இடத்திலிருந்தே முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு எனப் பல கோணங்களில் தொடர்ச்சியாக எடுங்கள். அருகில் கொசு உள்ளான் நிற்கும் சட்டகம் ஒன்றாவது இருந்தால் அளவையும் நிறத்தையும் ஒப்பிட முடியும். மேய்ச்சலைக் காணொளியாக எடுங்கள். காலில் ஆய்வாளர்கள் மாட்டிய சிறு அடையாளக் கொடி இருந்தால் அதன் நிறம், எழுத்து, எந்தக் கால் ஆகியவற்றைத் தவறாமல் குறியுங்கள்.

படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கூர்மையாக்க வேண்டாம். இல்லாத நுனியை அது வரைந்துவிடக்கூடும். அசல் கோப்புகளை அப்படியே பாதுகாத்து வையுங்கள்.

படி 5: களத்திலேயே எழுதி, பின் சமர்ப்பியுங்கள்

பறவைக் கையேட்டைத் திறப்பதற்கு முன்பே நேரம், தொலைவு, வெளிச்சம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவற்றைக் கண்டீர்கள், எவற்றைக் காண முடியவில்லை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவிடும்போது அரிய பறவைக்கான குறிப்பில் “கரண்டி போன்ற அலகு” என்று மட்டும் எழுதாமல், கொசு உள்ளான் அல்ல என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதையும் விளக்குங்கள். மதிப்பாய்வாளர் அசல் படத்தையோ கூடுதல் விவரத்தையோ கேட்டால் உடனே கொடுங்கள். நுனியைத் தெளிவாகப் பார்க்க முடியாமல் போயிருந்தால், இனம் உறுதிசெய்யப்படாத சிறிய உள்ளான் என்று பதிவிட்டு, படங்களையும் அதனுடன் இணைத்துவிடுங்கள்.