வேலை குவியும் மாதமும் காயும் மாதமும்: மொழிபெயர்ப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 20 தாண்டினால் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு வேலை அனுப்பும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்காரர்கள் கிறிஸ்துமஸ் விடுப்பில் போய்விடுவார்கள். புத்தாண்டு முடிந்து அவர்கள் நிதானமாக மெயிலைத் திறக்க ஜனவரி இரண்டாம் வாரம் ஆகிவிடும். அது நமக்குப் பொங்கல் வாரம். உடுமலைப் பக்கம் எங்கள் ஊரில் மாட்டுப் பொங்கல், பூப்பறிக்கிற நோம்பி என்று எல்லோரும் தெருவில் இருக்கும்போதுதான், மூன்று வாரமாக எட்டிப் பார்க்காத, ஏஜென்சியில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ப்ராஜெக்ட் மேனேஜர்கள் மூன்று பேர் ஒரே நாளில் மெயில் போடுவார்கள். முதல் இரண்டு வருடம் மூன்று பேருக்குமே சரி என்று சொன்னேன். சும்மா உட்கார்ந்திருந்த பயம். பொங்கலன்று இரவு பதினொரு மணிக்கு அம்மா வந்து, "ஏஞ்சாமி, நோம்பி நாளும் அதுவுமா என்னத்தத் தட்டீட்டு இருக்கற?" என்று கேட்டார்.

தனியாக உட்கார்ந்து மொழிபெயர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பயத்தில் பிறப்பவை. வேலை இல்லாத நாளில் ஒரு முடிவை எடுத்துவிட்டு, வேலை குவியும் நாளில் அதைச் சுமக்கிறோம்.

கோப்பைத் திறந்து பார்க்காமல் தலையாட்டுவது அப்படி ஒன்று. "5,000 சொல், சாதாரண விஷயம்தான்" என்று மெயில் வரும். ஒத்துக்கொண்ட பிறகு திறந்தால் ஸ்கேன் செய்த பிடிஎஃப், பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை, கை எழுத்தில் இரண்டு வரி. அட்டவணை போடுகிற நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, திரும்பப் படித்துத் திருத்துவதையும் சேர்த்து, நாளைக்கு 2,000 முதல் 2,500 சொல் என்பது நிதானமான கணக்கு. ஒரு நல்ல நாளில் 4,000 போட்டிருக்கலாம். அந்த நாளை வைத்துக் கெடு சொல்லக் கூடாது. ரேட்டை மூல மொழிச் சொல்லுக்குத்தான், அதாவது இங்கே ஆங்கிலச் சொல்லுக்குத்தான், பேச வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "போய்க்கொண்டிருந்திருக்கலாம்" என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு நான்கு சொல் வேண்டும். தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு தருகிறேன் என்பவரிடம் நம் இலக்கணமே நமக்கு நஷ்டம்.

கெடு என்றால் யாருடைய கெடு என்பதையும் கேட்க வேண்டும். நியூயார்க்கில் வெள்ளி மாலை 5 மணிக்கு ஒருவர் கோப்பை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனால், கோடைக் காலத்தில் நமக்கு அது சனி அதிகாலை 2:30. அவர் கேட்கும் "திங்கள் காலை 9 மணி" நமக்குத் திங்கள் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. இதைக் கேட்காமல் ஞாயிறு ராத்திரியைக் கொன்று, திங்கள் விடியற்காலையில் அனுப்பிவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் யாரும் திறக்காத கோப்பைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை கைமீறும்போது பலர் செய்வது, சத்தமில்லாமல் நண்பரிடம் பாதியைத் தள்ளிவிடுவது. இதை நான் மன்னிக்க மாட்டேன். ஏஜென்சியில் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மருந்துச் சோதனைக்கு வருபவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தையோ ஒரு வழக்கின் ஆவணத்தையோ மூன்றாம் ஆளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அந்தக் கையெழுத்தை மீறுவதுதான். இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் கொண்டுபோய் ஒட்டுவதும் அதே கணக்கு. அதைவிட, "பாதி புதன்கிழமை, மீதி வெள்ளிக்கிழமை தரட்டுமா?" என்று கேளுங்கள். கெடு என்று சொல்லப்படுவதில் பாதி, கேட்டால் நகரும். நகராது என்றால், நம்பிக்கையான இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிவிடலாம். வேலை கைவிட்டுப் போய்விடுமே என்று தோன்றும். அப்படி நான் பெயர் சொன்ன இரண்டு பேர், பிறகு அவர்களுக்கு வேலை நிறைந்தபோது என் பெயரைச் சொன்னார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்துத் தவறு, காய்ந்த மாதத்தில் ரேட்டை இறக்குவது. ஒரு மே மாதம், கையில் ஒன்றுமில்லாமல், ஒரு ஏஜென்சிக்கு என் ரேட்டில் கால் பங்கைக் குறைத்து, "இந்த ஒரு தடவை மட்டும்" என்று எழுதினேன். அந்த ஒரு தடவை என் மனதில்தான் இருந்தது. அவர்கள் பட்டியலில் புது எண் ஏறிவிட்டது. ஆகஸ்டில் பண்டிகைக் கால விளம்பரங்கள், ஆப் வாசகங்கள் என்று வேலை கொட்டியபோது, முழு ரேட் தருகிறேன் என்று வந்த ஒருவருக்கு நேரமில்லை என்றேன். ஏன் நேரமில்லை? குறைந்த ரேட்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பழைய ரேட்டுக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ரேட்டில் கை வைக்காதீர்கள். பெரிய வேலைக்கு இன்வாய்ஸில் ஒரு தள்ளுபடி வரி போட்டு, தொகையையும் எந்த வேலைக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். அது அந்த வேலையோடு முடிந்துவிடும்.

ஒரே ஏஜென்சியை நம்பி இருப்பதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், யாரும் கேட்க மாட்டோம். நானும் கேட்கவில்லை. எங்கள் பகுதியில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) பாசனம் நான்கு மண்டலமாகப் பிரிந்தது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் வாய்க்காலில் தண்ணீர் வருவது இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான். அதை மட்டும் நம்பி யாரும் தென்னை வைப்பதில்லை. கிணறோ போர்வெல்லோ ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும். அம்மாவின் அப்பா, என் அப்புச்சிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, முக்கால்வாசி வருமானத்தை ஒரே இடத்தில் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலைக்கு மாறினார்கள். ரேட் பாதியானது.

அதன் பிறகுதான் உள்ளூரைத் திரும்பிப் பார்த்தேன். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தொழிலாளர் கையேடு, பாதுகாப்பு அறிவிப்பு, துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்கும் நடத்தை விதிகள் எல்லாம் தமிழில் வேண்டும். வடக்கிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும், அதற்கு அந்த மொழிக்காரர் ஒருவரோடு வெளிப்படையாகக் கூட்டுச் சேரலாம். கோவையில் பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் செய்பவர்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு இருக்கிறது. இவர்கள் யாரும் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் காணாமல் போவதில்லை. ஆனால் "பாத்துப் போட்டுக் குடுங்க" என்பார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். புது ஆள் என்றால் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

பணத்தில் நடக்கும் தவறு சற்று நுணுக்கமானது. வங்கிக் கணக்கைப் பார்த்து, வேலை எப்படிப் போகிறது என்று எடைபோடுகிறோம். மாதக் கடைசியிலிருந்து 45 நாள் என்று சொல்லும் ஏஜென்சிக்கு ஜூன் 3 அன்று முடித்துக் கொடுத்த வேலையின் காசு ஆகஸ்ட் 14 வாக்கில்தான் வரும். அதனால் வேலை காய்ந்த மாதத்தில் கணக்கு நிறைந்திருக்கும், நாமும் தைரியமாகச் செலவு செய்வோம். வேலை குவியும் மாதத்தில் கணக்கு காலியாக இருக்கும், பயந்துபோய் இன்னும் ஒன்றை ஒத்துக்கொள்வோம். நான் இப்போது பார்ப்பது இன்வாய்ஸ் பட்டியலைத்தான். எந்த வாரம் எவ்வளவு வரும் என்பது அதில் தெரியும்.

இந்திய வாடிக்கையாளர் இழுத்தடித்தால் ஒரு பிடி இருக்கிறது. சிறு தொழிலாக அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டு ஏஜென்சியிடம் இது செல்லாது. அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே டிடிஎஸ்ஸும் (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வரி) பிடிப்பதில்லை, வரியை நாமேதான் எடுத்து வைக்க வேண்டும். டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி வருடத்துக்கு 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டியே கட்ட வேண்டும்: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15ஆம் தேதி. டிசம்பர் 15 சரியாக வேலை வற்றும் நேரத்தில் வந்து நிற்கும். பணம் வந்த அன்றே ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சும்மா இருக்கும் நாட்களில், ஏஜென்சிகள் சேர்ப்பதற்கு முன் கேட்கும் இலவச டெஸ்ட்களை எழுதித் தள்ளாதீர்கள். 250, 300 சொல் என்றால் சரி. 1,500 சொல்லை டெஸ்ட் என்று அனுப்புகிறவருக்கு வேண்டியது இலவச வேலை. அந்த நேரத்தில் கலைச்சொல் பட்டியலைச் சரிசெய்யலாம், முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேமித்து வைக்கும் டிரான்ஸ்லேஷன் மெமரியில் கிடக்கும் பழைய பிழைகளைக் களையலாம். அலுப்பான காரியம்தான், ஆனால் அடுத்த அவசர வேலையில் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

இப்போது டிசம்பர் முதல் வாரத்திலேயே, தெரிந்த ப்ராஜெக்ட் மேனேஜர்கள் எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டுவிடுகிறேன்: கிறிஸ்துமஸ் நேரத்தில் நான் இருப்பேன், ஜனவரியில் பொங்கலுக்கு நான்கு நாள் இருக்க மாட்டேன். பெர்லினில் இருப்பவர் நன்றி சொல்லித் தன் நாள்காட்டியில் குறித்துக்கொண்டார். டெல்லிக்காரர் மட்டும் பதில் எழுதியிருந்தார்: "பொங்கல் என்பது காலையில் சாப்பிடுவதுதானே, அதற்கு நான்கு நாளா?"