பழைய இங்கிலாந்து வெள்ளிக் கரண்டி: முத்திரை பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்டெர்லிங் வெள்ளிக் கரண்டி ஒன்று கைக்கு வந்தால், பலரும் முதல் வேலையாக அதைப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காம்பின் பின்புறத்தில் சில மில்லிமீட்டர் அளவில் நாலைந்து முத்திரைகள் வரிசையாக இருக்கும். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் பெயரில் அந்தக் கரண்டி வெள்ளியின் தரச் சோதனைக்குப் போனது என்ற விவரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இருநூறு வருடம் கைபட்டு ஏற்கெனவே பாதி மழுங்கிப்போன முத்திரை அது. மீதியையும் தேய்த்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும்படி பிடித்து, முதலில் வாசியுங்கள்.

வாசிக்கும்போது 925 என்ற எண்ணைத் தேடுவது அடுத்த தவறு. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பது ஸ்டெர்லிங்கின் தரம்தான். ஆனால் பழைய இங்கிலாந்துக் கரண்டியில் அந்த எண் இருக்காது. 1544 முதல் அந்தத் தரத்துக்கு அடையாளம், ஒரு முன்னங்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். அதே சமயம், சிங்கம் இல்லை என்றதும் ஒதுக்கிவிடவும் கூடாது. நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வதைத் தடுக்க, 1697-லிருந்து 1720 வரை பாத்திர வெள்ளியின் தரத்தை ஆயிரத்துக்கு 958-க்குச் சற்று மேலாக உயர்த்தியிருந்தார்கள். அந்தக் காலத்துக் கரண்டியில் சிங்கத்துக்குப் பதிலாக அமர்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண்ணுருவம் இருக்கும். அது ஸ்டெர்லிங்கை விடச் சுத்தமான வெள்ளி.

வரிசையாகக் கட்டம் கட்டி எழுத்து இருந்தாலே வெள்ளி என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அதன்பின் முலாம் பூசிய கரண்டிகள் குவியத் தொடங்கின. ஈ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகளையும் தனித்தனிக் கட்டத்தில் அலங்காரமாகப் பொறித்து, பார்வைக்கு அசல் முத்திரை வரிசை போலவே செய்துவிடுவார்கள். நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி முலாம் என்பதுதான் அதன் பொருள். கிரீடம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். கிரீடம் ஷெஃபீல்டின் ஊர் முத்திரையாக இருந்தது உண்மை, ஆனால் முலாம் சாமான்களிலும் அதைப் போட்டார்கள். சிங்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய குழப்பம் ஆண்டு எழுத்தில்தான். லண்டனில் ஜே-யை விட்டுவிட்டு ஏ முதல் யூ வரை 20 எழுத்துகள், ஆண்டுக்கு ஒன்று. சுற்று முடிந்ததும் எழுத்து வடிவத்தையோ அதைச் சுற்றியுள்ள கட்டத்தையோ மாற்றி மறுபடி ஏ-யிலிருந்து தொடங்குவார்கள். அதனால் எழுத்தை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லவே முடியாது. ஒரு லண்டன் கரண்டியில் சின்ன ஏ இருக்கிறது என்று வையுங்கள். அது 1776 ஆக இருக்கலாம், 1816 ஆக இருக்கலாம், 1896 ஆகவும் இருக்கலாம். இப்போது பக்கத்து முத்திரைகளைப் பாருங்கள். 1784 டிசம்பர் முதல் 1890 வரை, வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையைப் பொறித்தார்கள். தலை இருந்தால் இந்த மூன்றில் 1816. இல்லையென்றால், லண்டனின் ஊர் முத்திரையான சிறுத்தைத் தலையைப் பாருங்கள். 1821 வரை அது கிரீடம் வைத்திருந்தது, அப்புறம் கிரீடம் போய்விட்டது. கிரீடம் இருந்தால் 1776, வெறுந்தலை என்றால் 1896. ஒரு முத்திரைக்கு மற்றொன்று சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சி ஒத்துப்போகும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே இந்தக் கரண்டிகளைச் சேர்க்கலாம் என்பேன்.

ஊரைப் பார்க்காமல் லண்டனின் ஆண்டு எழுத்து அட்டவணையில் தேடுவதும் அடிக்கடி நடக்கிறது. பர்மிங்காமுக்கு நங்கூரம், எடின்பரோவுக்குக் கோட்டை. ஒவ்வோர் ஊருக்கும் தனி எழுத்துச் சுற்று. ஷெஃபீல்டில் 1824 வரை எழுத்துகள் அகர வரிசையில்கூட வரவில்லை.

செய்தவரைக் குறிக்கும் பெயர் எழுத்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எச்.பி. என்று கண்டதும் லண்டனின் புகழ்பெற்ற பெண் வெள்ளிக் கைவினைஞர் ஹெஸ்டர் பேட்மன் என்று முடிவு கட்டி விலையைக் கூட்டிவிடுகிறார்கள். அவர் தன் முத்திரையைப் பதிந்தது 1761-இல், தொழிலிலிருந்து ஓய்வு பெற்றது 1790-இல். அவருடைய எச்.பி. சாய்வான கையெழுத்து வடிவில் இருக்கும். ஆண்டு எழுத்து 1805 என்று சொன்னால் அது வேறு யாரோ.

முத்திரை நசுங்கியிருக்கிறது என்பதற்காகப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். ஏறக்குறைய 1780 வரை, குழிக்கு அருகே காம்பு ஒடுங்கும் இடத்தில்தான் முத்திரை குத்தினார்கள். குத்தியபின் காம்பைத் தட்டி நேராக்கும்போது அது கோணிப்போகும். பிறகுதான் நுனிப் பக்கத்து அகலமான இடத்துக்கு மாற்றினார்கள். 1780-க்கு முந்தைய தேக்கரண்டிகள் பலவற்றில் இடம் போதாமல் சிங்கமும் பெயர் எழுத்தும் மட்டுமே இருக்கும். அது குறையில்லை. சந்தேகப்பட வேண்டியது வேறு. ஆறு கரண்டிகள் கொண்ட ஒரு செட்டில், முத்திரை ஓரத்துச் சின்னப் பள்ளமும் கீறலும்கூட ஆறிலும் ஒரே இடத்தில் இருந்தால், ஒரு கரண்டியை அச்செடுத்து மற்றவற்றை வார்த்திருக்கிறார்கள்.

முத்திரை அசலாக இருந்தும் கரண்டி மாறியிருக்கலாம். குழிக்குள் புடைத்த பழங்களும் இலைகளும், சில சமயம் தங்க முலாமும் கொண்ட அழகான கரண்டிகள் நிறையக் கிடைக்கின்றன. பின்னால் ஜார்ஜ் மன்னர் காலத்து முத்திரை. அந்த வேலைப்பாடோ பெரும்பாலும் விக்டோரியா காலத்தில், அலங்காரமில்லாத பழைய கரண்டியின் மேல் செய்தது. பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் ஜார்ஜ் காலத்து வேலைக்கான விலை கொடுக்க வேண்டாம். காம்பின் நுனியில் மூச்சுக்காற்றை ஊதியும் பாருங்கள். சுரண்டி அழித்த குடும்பச் சின்னத்தின் தடம் சில நொடி தெரியும். அந்த இடத்தில் வெள்ளி மெலிந்திருக்கும்.

நம் ஊரில் கிடைப்பவற்றில் இன்னொரு வகையும் உண்டு. சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் ஹாமில்டன் போன்ற கடைகள் இங்கேயே விற்ற வெள்ளி அது. அதை லண்டன் அட்டவணையில் தேடிப் பயனில்லை. தரக்குறைவு என்றும் நினைக்க வேண்டாம், அதற்கென்றே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சுத்தம் செய்ய மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான பருத்தித் துணியும் போதும். இயந்திரத்தில் வைத்துப் பஃப் போட்டுப் பளபளப்பாக்கக் கூடாது. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு ஊறவைத்தால் கறுப்பு போகும்தான், ஆனால் வேலைப்பாட்டின் பள்ளங்களில் இருக்க வேண்டிய கருமையும் சேர்ந்து போய்விடும். முட்டை பட்டால் உடனே கழுவுங்கள். உப்பில் போட்டு வைக்காதீர்கள், வெள்ளியை அது அரித்துவிடும். செட்டைக் கட்டி வைக்க ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கந்தகம் விடும் கறுப்புக் கோட்டை எடுக்க மறுபடி தேய்க்கத்தான் வேண்டியிருக்கும்.