மூலிகை வாங்கும் முன் பெயரை உறுதி செய்துகொள்வது எப்படி

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறச் சரிவில் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடந்த செடியை, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணி மேல்மாடி அக்கா ஒருவர் பை நிறையப் பறித்து வந்து, எனக்கும் ஒரு கட்டுக் கொடுத்தார். அடுப்படி விளக்கில் வைத்துப் பார்த்தபோதுதான், ஒவ்வோர் இலையிலும் இருபுறமும் மடல் துருத்திக்கொண்டு, இலை மூன்றாகப் பிரிந்தாற்போல் இருப்பது தெரிந்தது. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகி நீண்டிருக்கும். இப்படி மடல் விடாது. அக்கா பறித்தது வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தரைமூடிச் செடி. அதற்கு உலகம் வைத்திருக்கும் பெயரோ 'சிங்கப்பூர் டெய்சி'. அன்றைய பொரியல் நின்றுபோனது.

மூலிகையைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு குடிக்கலாம்" என்றுதான் தொடங்குகிறார்கள். எந்தச் செடி என்பது உறுதியாகாத வரை அந்தக் கேள்விக்கு விடை இல்லை. தேக்காவின் நாட்டு மருந்துக் கடையும், சைனாடவுனின் சீன மருந்துக் கடையும், கேலாங் சிராயின் மலாய் மூலிகைக் கடையும் ஒரே நாளில் சென்று வரக்கூடிய தூரத்தில் இருக்கும் சிங்கப்பூரில், ஒரு செடிக்கு மூன்று பெயரும் ஒரு பெயருக்கு மூன்று செடியும் சாதாரணம்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரப் பூந்தொட்டிகளில் தானாக முளைக்கும் செடி இது. காம்பைத் திருப்பிப் பிடித்தால், இலைகளின் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து நாம் கீழ்க்காய் நெல்லி என்றோம்; மலாய்க்காரர்கள் குழந்தையை முதுகில் சுமப்பதாகக் கண்டு 'டுக்கோங் அனாக்' என்றார்கள்; சீனர்கள் இதன் நெருங்கிய உறவுச் செடியை 'இலையடி முத்து' என்கிறார்கள். மூன்று மொழியினரும் இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்பதே இங்கே பாடம். செடியை வேரோடும் காயோடும் பூவோடும் முழுதாகப் பார்க்க வேண்டும். உதிர்ந்த இலையையோ தூளையோ வெறுங்கண்ணால் பார்த்து அடையாளம் சொல்வது கடினம். உயிருள்ள செடியைப் பார்த்துப் பழக விரும்புவோர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் குணப்படுத்தும் தோட்டத்துக்குச் செல்லலாம். அங்கே மருத்துவச் செடிகள் அவை பயன்படும் உடல் உறுப்புகளின்படி பிரித்து நடப்பட்டுள்ளன. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் பூங்காக்களில் செடி பறிப்பது சட்டப்படி குற்றம். சாலையோரச் செடிகளோ கொசு மருந்துப் புகையையும் வாகனப் புகையையும் குடித்து வளர்ந்தவை.

காய்ந்த சரக்கை வாங்கும்போது, கடைக்காரரிடம் தாவரவியல் பெயரைக் கேளுங்கள். பொட்டலத்தில் அது அச்சிடப்படாவிட்டால் நான் வாங்குவதில்லை. இது வெறும் பிடிவாதமன்று. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைப்பதற்கென்று சீன மூலிகை உட்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. கொடுக்க நினைத்தது 'ஹான் ஃபாங் ஜி'; கலந்துவிட்டது 'குவாங் ஃபாங் ஜி'. பெயரில் ஒட்டிய ஒரே அசையில் செடி மாறி, அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு உள்ளே போயிற்று. அந்த அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே குடும்பத்துச் செடிகள் என்பதால், பாட்டி கொடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். ஆடு தீண்டாததைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜின்செங் என்ற சொல்லும் இப்படித்தான். கொரிய ஜின்செங்கும் அமெரிக்க ஜின்செங்கும் ஒரே பேரினத்தின் இரண்டு செடிகள். சீன வைத்தியர் முன்னதைச் சூடு என்றும் பின்னதைக் குளிர்ச்சி என்றும் பிரித்தே கொடுப்பார். 'இந்திய ஜின்செங்' என்று புட்டியில் ஒட்டப்படும் அமுக்கராவுக்கோ அவற்றோடு எந்த உறவும் கிடையாது. அது கத்திரிக்காய்க் குடும்பம். அமுக்கரா தைராய்டுச் சுரப்பைக் கூட்டக்கூடும். கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியுள்ளன. 2023இல் டென்மார்க் அதைத் தடை செய்தது.

செடி எது என்று தெரிந்தபின், எந்தப் பாகம், எந்த வடிவம் என்பதைப் பாருங்கள். குழம்பில் போடும் மஞ்சளும், மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்துச் செறிவாக்கிய குர்குமின் மாத்திரையும் ஒன்றல்ல. கல்லீரலைத் தாக்கியதாகப் பதிவானவை பெரும்பாலும் பின்னவையே. குடிநீராகக் காய்ச்சுவதானால் மண்சட்டியோ எனாமல் பாத்திரமோ போதும். துவர்ப்புச் சரக்குகள் இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும்.

அடுத்த வேலைதான் பலரும் தவிர்ப்பது. வீட்டிலுள்ள மருந்துகளையெல்லாம் மேசையில் பரப்புங்கள்: பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை, சீனக் கடைச் சூரணம், ஊரிலிருந்து வந்த லேகியம், இணையத்தில் வாங்கிய புட்டி எல்லாவற்றையும். உள்ளே இருப்பவற்றை ஒரு தாளில் எழுதினால், ஒரே செடி இரண்டு மூன்று பெயர்களில் வருவது கண்ணில் படும். இருமலுக்கு மெல்லும் அதிமதுரமும், சீனக் கூட்டு மருந்துகளில் அடிக்கடி இடம்பெறும் 'கான் சாவ்' என்பதும், மேல்நாட்டுக் கறுப்பு லிக்கரிஸ் மிட்டாயும் ஒரே பேரினத்து வேர்தான். அதிலுள்ள கிளிசிரைசின் அளவு மீறினால் உடலின் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர் மூன்று வழியிலும் அதைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைக் குறை சொல்வதில் பயனில்லை.

நீரிழிவுக்காரர்கள் விரும்பும் சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். இலை உண்மையானதா என்று அறிய அதைவிட எளிய சோதனை இல்லை. அதே இலை, நீரிழிவு மாத்திரையோடு சேரும்போது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் ஜின்செங், கிங்கோ, டாங் குவாய் ஆகிய மூலிகைகளில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் வழங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, கருத்தடை மாத்திரை முதல் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் மருந்து வரை பலவற்றை வலுவிழக்கச் செய்யும்.

பச்சிளம் குழந்தைகளுக்கு எதையும் கொடுக்க வேண்டாம் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஜி6பிடி நொதிக் குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறை) உள்ள சிசுக்களுக்கு மஞ்சள் காமாலை முற்றுவதற்குக் காரணம் என்று கருதியே, பெர்பெரின் என்ற வேதிப்பொருள் உள்ள ஹுவாங் லியன் என்ற சீன வேரை 1978இல் சிங்கப்பூர் தடை செய்தது. 2013 முதல் தடை படிப்படியாக நீக்கப்பட்டாலும், அந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு எச்சரிக்கை நீங்கவில்லை. நம் மரமஞ்சளிலும் அதே பெர்பெரின் உண்டு. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் இந்தச் சோதனை செய்யப்படுவதால், முடிவு என்ன என்பதைக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் விற்பதாலேயே அரசு சோதித்தது என்று எண்ண வேண்டாம். சீனத் தயாரிப்பு மருந்துகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் இடம்பெற்ற பிறகே விற்பனைக்கு வரும். நம் லேகியங்களுக்கும் மலாய் மருந்துகளுக்கும் சத்து மாத்திரைகளுக்கும் அப்படி முன் ஒப்புதல் தேவையில்லை, பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. ஒரே வாரத்தில் குணம் என்று முழங்கும் ஆண்மை, எடைக் குறைப்புச் சரக்குகளைக் கண்டால் விலகுங்கள். 2008இல் சட்டவிரோத ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்ததால், நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை கடுமையாக இறங்கி இங்கே மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள், நால்வர் இறந்தனர். பாதரசமும் ஈயமும் சேரக்கூடிய செந்தூரம், பற்பம் போன்றவற்றை நாமாக வாங்கி உண்பதும் இந்த வகையில்தான் சேரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு தொடங்குவதானால், ஒரே சமயத்தில் ஒரு மூலிகை மட்டும், சொன்ன அளவில் பாதியில் தொடங்கி, தேதியையும் அளவையும் குறித்து வாருங்கள். நிலாவாரை போன்ற பேதிச் சரக்கை ஒரு வாரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், எதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, தோல் தடித்தாலோ, முகம் வீங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் 995ஐ அழையுங்கள். போகும்போது பொட்டலத்தையும் மீதித் தூளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். "ஏதோ பச்சிலை" என்று சொன்னால் மருத்துவராலும் மருந்தாளராலும் ஒன்றும் தேட முடியாது.